சாவி எடுத்த பிறகும்

எங்கள் மலைப்பாதையில் மொத்தம் எழுபது வளைவுகள். கீழேயிருந்து எண்ணினால் நாற்பத்தொன்பதாவது வளைவில், பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. கோடையிலும் வற்றாது. மலை ஏறுகிற பழைய வண்டிகள் எல்லாம் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். என் ஜீப்பும் அப்படித்தான்.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் ஓட்டுகிறவன் இறங்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். பழைய ஜீப்பின் கைப்பிரேக்கை நம்பி, பின்னால் பத்துப் பேரையும் நாலு மூட்டையையும் விட்டுவிட்டு இறங்க முடியுமா? கால் பிரேக்கிலேயே இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பானெட்டைத் தூக்கி, ஊற்றுத் தண்ணீரில் நனைத்த சாக்கை ரேடியேட்டருக்கு முன்னால் செருகுவார். சாக்கு சொட்டச் சொட்ட இன்ஜின் சூடு இறங்கும். என் ஜீப்பில் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்தவள் என் மனைவி கோகிலா. சந்தை நாளில் அவள் என்னோடு வராமல் இருந்ததே அபூர்வம். கல் வைக்கலாமா, உள்ளே கையை விடலாமா என்று அவள் என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாதது அந்த வண்டியில் ஒன்றும் இல்லை, அன்றுவரை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் மலையில் ஆலத்தூர் நாடு முழுக்கப் பேர். பேர் சரிதான். ஆனால் மருதாசலம் கத்துவான் என்று யாராவது சொன்னால் அது பொய். எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். பேச மாட்டேன். கட்டியவளாக இருந்தாலும் சரி, கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி, அவர்களாக வந்து பேசுகிற வரைக்கும் நான் கல்லுதான். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒவ்வொரு முறையும் கோகிலாதான் முதலில் பேசினாள். அதை நான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்!

இந்த வருடம் மிளகு பறித்து விற்ற கையோடு சண்டை வந்தது. கோகிலா ஜாக்கெட் தைப்பவள். சுற்றுப்பட்ட ஐந்தாறு ஊருக்கும் அவள்தான் தையல்காரி. கல்யாணப் பெண்கள் கீழே போகாமல் அவளிடம் அளவு கொடுப்பார்கள். காலால் மிதித்து மிதித்து முட்டி வலி வந்துவிட்டது, மிஷினுக்கு ஒரு மோட்டார் போட்டால் தேவலை என்றாள். எனக்கோ ஜீப்புக்கு இன்னொரு ஃபேன் வேண்டும். முப்பதாவது வளைவு தாண்டும் முன்பே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் வேல்முருகன் வந்திருந்த நேரம் பார்த்து மறுபடி மோட்டார் பேச்சை எடுத்தாள்.

“மாசம் மூணு ஜாக்கெட் தைக்கிறவளுக்கு மோட்டார் ஒண்ணுதான் கொறச்சல்” என்றேன்.

வேல்முருகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு சொன்னாள்: “என்ர பொழப்பை எங்கண்ணன் முன்னால நக்கலடிச்சுட்டீங்க. இந்தத் தடவை நானா வந்து பேச மாட்டேனுங்க.”

நல்லது என்று நானும் வாயைச் சாத்திக்கொண்டேன். மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், இடையில் தூது போகவும் ஆளில்லை. கோகிலா சோற்றுப் பானையைப் பார்த்து, “சோறு ஆறுது” என்பாள். நான் கோழியைப் பார்த்து, “எனக்குப் பசியில்லை” என்பேன். இரண்டு பேருக்கும் நாற்பது வயது தாண்டியாயிற்று. யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

பேச்சு நின்ற மூன்றாம் நாள் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு வண்டியை இறக்கினேன். அங்கே அர்த்தனாரி என்று ஒரு வயரிங் தம்பி. கை சுத்தமான ஆள். உடைத்துப் போட்ட ஏதோ ஒரு காரின் ஃபேன் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தான். இரும்பு இறக்கை, நல்ல வேகம். அதை ரேடியேட்டருக்கு முன்னால் இரும்புப் பட்டை அடித்து மாட்டினான். மாட்டுவது அரை மணி வேலை. அதை யார் சொல்லி ஓட வைப்பது, யார் சொல்லி நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றான்.

“மூணு விதமாக் கட்டலாமுங்கண்ணா. டேஷ்போர்டுல சுச்சு வெச்சா நீங்களே போட்டு நீங்களே நிறுத்திக்கலாம். ஒரு நா போட மறந்தீங்கன்னா இன்ஜின் போச்சு. ரெண்டாவது, சூடு பாத்துத் தானா ஓடற மாதிரி சென்சார் வெக்கறது. அதைச் சாவியோட சேத்துட்டா, சாவி ஆஃப் ஆனா ஃபேனும் ஆஃப். மூணாவது, அதே சென்சார்தான், ஆனா நேரா பேட்டரியில இருந்து. சாவி எடுத்த பொறவும் சூடு இருக்கற வரைக்கும் ஓடும்.”

“எது ஒசத்தி?”

“இன்ஜினுக்குன்னு கேட்டீங்கன்னா மூணாவதுதானுங்க. வண்டி நின்னதும் உள்ள தண்ணி ஓட்டம் நின்னு போயிரும். சூடு அதுக்கப்புறந்தான் மேல ஏறும். நிறுத்தி ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் கழிச்சு ஃபேன் தானா எந்திரிச்சு ஓடும் பாருங்க.”

“அதையே கட்டு.”

கட்டினான். ஒரு ரிலே, ஒரு பியூஸ், ஃபேன் ஓடும்போது என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு பல்பு. இன்ஜினை நிறுத்திச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். பல்பு எரிந்தது. ஆளில்லாமல் ஃபேன் சுற்றியது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

அர்த்தனாரி கையைத் துடைத்தபடி சொன்னான்: “ஒண்ணே ஒண்ணுங்கண்ணா. உங்க பழைய ஃபேன் பெல்ட்டுல ஓடறது. இன்ஜின் நின்னா அதுவும் நின்னுரும். மலைக்காரங்க எல்லாத்துக்கும் அந்தப் பழக்கந்தான். வண்டி ஆஃப்ல இருக்குதுன்னு கையை உட்டுருவாங்க. ஃபேனுக்கு முன்னால மூடற கம்பி வலை இன்னும் பண்ணலை. அடுத்த தடவை வாங்க, வெல்டிங் பட்டறையில சொல்லி வெக்கறேன். அது வரைக்கும் பேட்டரி ஒயரைக் கழட்டாம யாரும் முன்னால கை வெக்கக் கூடாது. ஊட்டுல அக்காகிட்டக் கட்டாயம் சொல்லிருங்க. சாக்கு வெக்கறது அவங்கதானுங்களே.”

“சொல்லிட்டேன்னே வெச்சுக்க” என்றேன்.

சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். பால் ஊற்ற வந்தவர்களிடம் சொன்னேன். மாவு மில்லில் வரிசையில் நின்றவர்களிடம், இனிமேல் என் வண்டிக்குச் சாக்கும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம், சாவி இல்லாமலே ஃபேன் ஓடும் என்று சொன்னேன். நம்பாதவர்களுக்கு ஓட்டிக் காட்டினேன். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். என் வீட்டில் இருந்தவளுக்குத் தெரியாது.

பதினோராம் நாள் பேளுக்குறிச்சிச் சந்தை. கோகிலா லைனிங் துணியும் கொக்கியும் வாங்க வேண்டியிருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஏழு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருந்தாள். எப்போதும் போல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கும்போதும் பேச்சில்லை, சந்தையிலும் பேச்சில்லை. திரும்பி ஏறும்போது பின்னால் என் பெரியம்மா முறையான பாப்பாயியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அர்த்தனாரியிடம் வலை கேட்கப் போகவில்லை. மூட்டை ஏற்றுவதில் நேரமாகிவிட்டது, அடுத்த சந்தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாற்பத்தொன்பதாவது வளைவில் அன்றைக்கு நான் நின்றிருக்கவே வேண்டியதில்லை. முள் பாதியைத்தான் தாண்டியிருந்தது. பின் ஏன் நிறுத்தினேன்? இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கோகிலா இறங்கிப் பானெட்டைத் தூக்குவாள், புது ஃபேனைப் பார்ப்பாள், அது அவள் கண் முன்னால் தானாகச் சுற்றும், திடுக்கிட்டுப் போய், “ஏனுங்க, இதென்னங்க இது!” என்று கேட்டுவிடுவாள். அவள்தானே முதலில் பேசியதாக ஆகும்? அதற்காகத்தான் நிறுத்தினேன். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் இறங்கினாள். கல் வைத்தாள். சாக்கை நனைத்துக்கொண்டு வந்தாள். பானெட்டைத் தூக்கியதும் அவள் எனக்கு மறைந்துபோனாள்.

நான் முள்ளைப் பார்த்தேன். அர்த்தனாரி சொன்னது போலவே நின்ற பிறகு ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சாக்கு ஞாபகம் வந்தது. சாக்கைச் செருகக் கையை விடுவாளே! ‘கோகிலா, கையை உடாத’ என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினேன். இப்போது நான் கூப்பிட்டால் பதினோரு நாள் பேசாமல் இருந்தது வீணாகிவிடும். பின்னால் பாப்பாயி வேறு இருக்கிறாள். மருதன் இறங்கி வந்துவிட்டான் என்று மேலே போவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஃபேனைப் பார்ப்பாள், தள்ளி நிற்பாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல்பு எரிந்தது.

கத்துவாள் என்றுதானே நினைப்பீர்கள்? கத்தவில்லை. “ஏனுங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் காத்திருந்த வார்த்தைதான்.

பிரேக்கை விட்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவள் வைத்த கல்தான் வண்டியைத் தாங்கியது. ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை வளைந்து பட்டையில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. கோகிலா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, இரத்தத்தைப் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சில்வர் ஓக் சருகு அதில் சிக்கியிருந்திருக்கிறது. சாக்கு வைக்கும் முன் அதை எடுத்துவிடலாம் என்று விரலை நீட்டியிருக்கிறாள்.

நான் வயரைப் பிய்த்து ஃபேனை நிறுத்தினேன்.

“சாவியை எடுத்துட்டீங்கதானுங்க?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டேன்.”

பாப்பாயி ஓடிவந்து அவள் கையைத் தன் முந்தானையில் சுற்றினாள். “ஏங் கண்ணு, பாத்துக் கையை உடக் கூடாதா? ஐயோ சாமி!” என்று அழுதாள். மற்றவர்களை இறக்கிவிட்டு, மூட்டைகளை ஊற்றோரம் தள்ளிவிட்டு, வண்டியைத் திருப்பி நாற்பத்தொன்பது வளைவும் இறங்கினேன். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் கோகிலா மயங்காமல் இருந்தாள். பதினோரு நாளாகப் பேசாதவள் வழியெல்லாம் அந்த ஒன்றையே பேசினாள். “வண்டி ஆஃப்லதானுங்க இருந்துச்சு? சாவி உங்க பையிலதானுங்க இருந்துச்சு?” நான் ஒவ்வொரு தடவையும் ஆமாம் ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதுமில்லை.

ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுவும் போய்விட்டன. நடுவிரலில் நரம்பு அறுந்திருந்தது. ஒட்டித் தைத்தார்கள், ஆனால் அந்த விரல் இனி மடங்காது என்றார்கள். பேச்சுவாக்கில் டாக்டர் கேட்டார், வீட்டில் என்ன வேலை செய்கிறவர்கள் என்று. “துணி தெக்கறேனுங்க” என்றாள்.

மூன்றாம் நாள் அர்த்தனாரி சாத்துக்குடிப் பையோடு வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டான். என் பக்கம் திரும்பி, “நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேனுங்களேண்ணா! தானா ஓடும், ஊட்டுல சொல்லுங்க, சொல்லுங்கன்னு! அக்காகிட்டச் சொன்னீங்களா இல்லீங்களா?” என்றான்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பாப்பாயி நின்றாள். அடுத்த கட்டில்காரர்களும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறக்க வேண்டிய இன்னொரு நேரத்திலும் நான் அதை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

கோகிலா என்னை ஒரு முறை பார்த்தாள். எல்லாம் அவளுக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள்: “சொன்னாருங்க தம்பி. நான்தான் மறந்துபோய்க் கையை உட்டுட்டேன்.”

பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முதல் அது கோகிலாவின் கவனக்குறைவு என்று ஆயிற்று. ஊரில் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் அவளைத்தான் கண்டித்தார்கள். டீக்கடையில் என்னிடம் கேட்டவர்கள்கூட, எங்களுக்கே தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த அன்று காலை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டேன். “எதுக்கு அப்பிடிச் சொன்ன?”

“பின்னே என்னங்க சொல்றது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “எம் புருசன் பதினோரு நாளா எங்கூடப் பேசறதில்லீங்கன்னு அத்தனை பேருக்கு முன்னால சொல்றதுங்களா? எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க.”

என்னைத் திட்டியிருக்கலாம். அண்ணனைக் கூப்பிட்டு நாலு அறை விட வைத்திருக்கலாம். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். இல்லை, ஒரு மாதம் பேசாமலாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சோறு போட்டாள், மகளிடம் போனில் சிரித்துப் பேசினாள்.

நான் மிஷினுக்கு மோட்டார் வாங்கி வந்தேன். மேசைமேல் வைத்தேன். அவள் இடது கையால் அட்டைப்பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க” என்றாள். ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்தும் பார்த்தாள். துணியை ஊசிக்கு நேராகத் தள்ளிக் கொடுப்பது அந்த ஆள்காட்டி விரல்தானாம். எனக்கு அதுவரை தெரியாது. கத்தரிக்கோல் இடது கைக்கு வராதாம், அதுவும் தெரியாது. நாலு அங்குலம் ஓட்டினாள். தையல் கோணிக்கொண்டு போனது. எழுந்து மிஷின்மேல் பழைய சேலையைப் போர்த்திவிட்டாள். ஏழு ஜாக்கெட் துணியையும் அந்தக் கல்யாணப் பெண் வந்து திரும்ப வாங்கிப் போனாள். கோகிலா ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்ததை நான் சன்னல் வழியே பார்த்தேன். வாசலுக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை.

ஜீப்பை அர்த்தனாரியிடம் கொண்டுபோனேன். சாவி ஆஃப் ஆனால் ஃபேனும் செத்துப்போக வேண்டும், அப்படி மாற்று என்றேன்.

“வலை போட்டுட்டாப் போதுமுங்கண்ணா. இப்பிடிக் கட்டுனா நிறுத்தினதும் சூடு ஏறும். இன்ஜினுக்கு நல்லதில்லீங்க.”

“இன்ஜின் எக்கேடு கெட்டாப் போவுது.”

மாற்றினான். வலையும் போட்டான், சுண்டுவிரல்கூட நுழையாத வலை. வீட்டு வாசலிலேயே கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓட விட்டேன், நிறுத்தினேன், சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பத்து நிமிடம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஃபேன் அசையவில்லை. இனி இது சாவி இல்லாமல் ஓடவே ஓடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். “சரிங்க” என்றாள்.

நிறுத்தினால் சூடு ஏறுகிறது என்பதால் மறுபடியும் ஊற்றுக்கும் ஈரச் சாக்குக்குமே வந்துவிட்டோம். வேறு யாரையாவது பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “என்ர வேலைங்க அது” என்று மட்டும் சொன்னாள்.

போன சந்தை நாள், நாற்பத்தொன்பதாவது வளைவு. சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். கல் வைத்தாள். இடது கையால் சாக்கை நனைத்து எடுத்துவந்து, முழங்கையால் பானெட்டைத் தூக்கினாள். எனக்கு மறைந்துபோனாள். பிறகு அங்கிருந்து குரல் வந்தது.

“கையை உடலாங்களா?”

ஒவ்வொரு முறையும் இதைக் கேட்கிறாள். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. லாரி போன பிறகு எட்டிப் பார்த்தேன். சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து பாப்பாயி பொறுமையில்லாமல் சத்தம் போட்டாள். “ஏங் கண்ணு, அதான் வலை போட்டாச்சு, சாவியும் உங்கிட்டதான் இருக்குது. உட வேண்டியதுதானே? மருதன் சொல்லி என்ன ஆவப்போவுது?”

“இருக்கட்டுங்கத்தை” என்றாள் கோகிலா. “அவரு சொல்லட்டுங்க.”

“உடலாம் கோகிலா” என்றேன். நான் இப்போதெல்லாம் உடனே சொல்லிவிடுகிறேன்.